மாட்டுப்பெண்ணின் பாஷை

“துக்கம்னா ஜப்பான் பாஷையிலே என்ன, நம்பிராஜா?”

“துக்கமா? நமக்குத் தெரிஞ்சதெல்லாம் நட, தூக்கு, ஓடு. சயாம் ரயில் பாதையிலே மூணு வருசம் ஜப்பான்காரன் எங்ககிட்ட வேற என்ன சாமி பேசினான்?”

தாராவிப் பட்டறையில் வேலை முடிந்ததும் மாட்டுங்காவுக்கு வந்து, வேங்கடசுப்ரமணியனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தான் நம்பிராஜன்.

“கொஞ்சம் யோசிச்சுப் பாரு. நாளைக்குக் காலம்பற கப்பல் வந்துடும்.”

“ஒரு சிப்பாய்க்கு ஊர்லேருந்து கடுதாசி வந்திச்சு. அதைக் கையிலே வச்சுக்கிட்டு ‘கனஷீ, கனஷீ’ன்னு அழுதான். அதுதான்னு நெனைக்கேன்.”

எழுதிக்கொண்டார். “மன்னிச்சுக்கோங்கறதுக்கு?”

“கோமென் நசாய். அது நல்லாத் தெரியும் சாமி. அடி விழும்போதெல்லாம் அதைத்தானே சொன்னோம்.”

அவர் அதையும் எழுதி, பத்து தடவை சொல்லிப் பார்த்தார். நாக்கு புரளவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கோபே நகரத்தில் பஞ்சுக் கம்பெனி கிளார்க்காக இருந்த அவர் பிள்ளை அனந்தகிருஷ்ணன், ஜப்பான்காரி ஒருத்தியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதாக எழுதினான். அப்பாவுக்கு அப்படி ஒரு வைராக்கியம்! கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத் தலை முழுகினார். அப்புறம் வந்த கடிதம் எதையும் பிரிக்கவே இல்லை.

யுத்தத்தில் குண்டு விழுந்து பிள்ளை செத்துப்போனான் என்று சேதி வந்தபோது, இன்னொரு தடவை முழுக அவருக்குத் தெம்பில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கதறினார்.

இப்போது அந்த மாட்டுப்பெண் அவன் அஸ்தியோடு வருகிறாள். பிள்ளையிடம் கேட்க முடியாத மன்னிப்பை அவளிடமாவது, அவள் பாஷையிலேயே கேட்டுவிட வேண்டும். கிழவருக்கு வேறு எந்த ஆசையும் பாக்கியில்லை.

மறுநாள் பம்பாய்த் துறைமுகத்தில், பல்லார்ட் பியரில், வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் இறங்கி வந்தாள்.

“கோமென்...” என்று ஆரம்பித்தார். பெட்டியைப் பார்த்ததும் மிச்சம் மறந்துபோயிற்று. சட்டைப்பையில் சீட்டைத் தேடினார். எடுத்த சீட்டு கை நழுவிக் காற்றில் போய்விட்டது. பெற்ற பிள்ளைக்கு இந்த ஒரு வார்த்தைகூடச் சொல்லத் துப்பில்லையே என்று, அத்தனை பேர் பார்க்க அழுதார்.

அவள் பக்கத்தில் வந்தாள்.

“தமிழ்லேயே பேசுங்கோப்பா. ‘எங்கப்பா உன் பாஷையிலே ஒரு வார்த்தை பேசமாட்டார், அவர் நம்மளைக் கூப்பிடறதுக்குள்ளே நீ கத்துண்டுடு’ன்னு ஒன்பது வருஷம் உட்கார்த்தி வச்சுச் சொல்லிக்கொடுத்தார்.”