போகாத ருபீடியம்

அது அங்கே இருக்கக் கூடாது.

திரையில் மங்கலாக ஒரு கறை. அவள் மறுபடி படம் எடுத்தாள். மறுபடியும் இருந்தது.

கடுங்குளிரில் பொட்டாசிய அணுக்கள் தங்களுக்குள் மோதிக்கொள்வதே இல்லை. மோதாமல் சூடு எப்படி இறங்கும்? அதற்காகத்தான் ருபீடியம் என்ற இன்னொரு உலோகத்தின் அணுக்களையும் கூடவே அடைப்பார்கள். அது மோதி மோதிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் ஒளியால் ஒரே தள்ளு. போய்விடும்.

போய்விடுகிறது என்றுதான் ஆய்வகமே நம்பியது. காமிரா எப்போதும் பொட்டாசியத்துக்கான ஒளியில்தான் பார்க்கும். அதில் ருபீடியம் தெரியாது. இன்று காலை லேசரைச் சரிபார்க்க ருபீடியத்தின் ஒளிக்கு மாற்றினாள்.

போகவே இல்லை.

பொட்டாசிய அணுக்கள் தாமாகவே ஒன்றையொன்று இழுக்கின்றன என்று அவளும் உடன் ஆய்வு செய்த இசக்கிமுத்துவும் எழுதிய கட்டுரை அடுத்த வாரம் அச்சாகிறது. தாமாக இல்லை. இழுத்துவிட்டது நடுவில் ஒளிந்திருந்த இந்த ருபீடியம். கட்டுரை தப்பு.

இசக்கி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நேற்றுக்கூட அவன் அப்பா ஃபோன் செய்தார்.

“அடுத்த வெள்ளி அவனுக்கு வருசம் திரும்புது தாயி. அதுக்குள்ள அந்தப் பொஸ்தகம் வந்துருமா? படத்துக்கு முன்னால வைக்கணும்.”

வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அவர் பாட்டுக்கு வைத்துக் கும்பிடுவார்.

இசக்கியின் பழைய கோப்புகளைத் திறந்தாள். அப்போது ருபீடியம் போய்விட்டிருந்ததை அவனாவது பார்த்து வைத்திருப்பான் என்று ஒரு நப்பாசை. உப்பு சரியா என்று குழம்பை மூன்று தடவை ருசி பார்க்கிற ஆள் அவன்.

கடைசிப் படம். ருபீடியத்தின் ஒளியில் எடுத்தது.

அதே கறை.

அவன் இறந்த அன்றைய தேதி. நேரம், காலை பதினொன்று நாற்பது.

அன்று அவள் வீட்டிலிருந்து கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பத் தயாராக்கிக்கொண்டிருந்தாள். நான்கு தடவை அழைத்தான். இன்னும் ஒரே ஒரு சோதனை என்று நச்சரிக்கப் போகிறான் என எடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அனுப்பினாள். பன்னிரண்டே காலுக்கு அவன் பைக்கின் மீது லாரி.

அந்த ரோட்டில் அவனுக்கு என்ன வேலை என்று அவன் அப்பா கேட்டபோது, டீ குடிக்கப் போயிருப்பான் என்று அவள்தான் சொன்னாள்.

அது அவள் வீட்டுக்கு வரும் ரோடு.

கட்டுரையை நிறுத்தச் சொல்லி ஆய்விதழுக்கு இரண்டு வரி எழுதினாள். அனுப்பினாள். பிறகு ஃபோனை எடுத்து இசக்கியின் அப்பாவை அழைத்தாள்.

முதல் மணியிலேயே அவர் எடுத்துவிட்டார்.