நாலு கட்டம்

"இந்தம்மாவை இன்னிக்கே சங்கத்தைவிட்டுத் தூக்கணும்!"

கிளிஃபோர்டு போட்ட சத்தத்தில், ஹாலிஃபாக்ஸ் தேவாலயக் கூடத்தில் எலி வளர்ப்போர் சங்கத்தின் கண்காட்சிக்கு வந்திருந்த எலிகளெல்லாம் காகிதத் துண்டுகளுக்குள் பதுங்கின.

"நோரீன் கொடுத்த பெட்டையை என் ஆண் எலி டியூக்கோட சேர்த்தேன். எட்டுக் குட்டி. ரெண்டுக்கு உடம்புல ஒரு முடி இல்ல! உரிச்ச கோழியாட்டம் கிடக்குதுங்க. தெரிஞ்சே என் தலையில கட்டிட்டாங்க!"

நோரீன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

செயலாளர் டெரெக் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். தாளில் நாலு கட்டம் போட்டு, எந்த ஜோடிக்கு எந்த மாதிரி குட்டி பிறக்கும் என்று சொல்வதில் அவர் கெட்டிக்காரர்.

"நீங்களே சொல்லுங்க டெரெக், யார் பக்கம் கோளாறு?"

"மொட்டை பிறக்கணும்னா... அந்த மரபணு அப்பன்கிட்டேருந்து ஒண்ணு, ஆத்தாகிட்டேருந்து ஒண்ணு, ரெண்டும் சேரணும். ஒண்ணை மட்டும் சுமக்கிற எலியைப் பார்த்தா வெளியே தெரியாது. அதனால டியூக்கும்..."

"டியூக்கா? பன்னிரண்டு கோப்பை வாங்கினவன்யா அவன்!"

கூடமே சிரித்தது. டெரெக் பேனாவை மூடிவிட்டார்.

"அந்தப் பெட்டையோட வம்ச அட்டையை எடுங்க. தாய் எங்கேருந்து வந்துச்சுன்னு பார்த்துடலாம்" என்றது ஒரு குரல்.

டெரெக் அட்டைகள் இருந்த கோப்பைப் புரட்டினார். அட்டை இல்லை.

"நான்தான் தொலைச்சுட்டேன்" என்றாள் நோரீன்.

"கேட்டீங்களா! இந்தம்மா வெளியே போகணும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. எல்லோரும் டெரெக்கைப் பார்த்தார்கள். அவரும் தூக்கினார்.

பதினாறு வருஷம் சங்கத்தில் இருந்தவள், கூண்டைத் துணியால் மூடிக்கொண்டு வெளியேறினாள். டெரெக்கால் உட்கார முடியவில்லை. அவள் கார்வரைக்கும் ஓடினார்.

"நோரீன், நான்..."

"நேத்து கிளிஃபோர்டு போன்ல கத்தினப்பவே புரிஞ்சுபோச்சு. உங்ககிட்ட வாங்கின பிக்சிதானே நான் அவருக்குக் கொடுத்த பெட்டைக்குத் தாய்? உங்க வீட்ல மொட்டை பிறந்ததை அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் பிக்சியைக் குட்டி போடவே விட்டிருக்க மாட்டேன்."

டெரெக் தலை குனிந்தார்.

அவள் கோட்டுப் பையிலிருந்து அந்த வம்ச அட்டையை எடுத்து நீட்டினாள்.

"காலையிலேயே கோப்புலேருந்து எடுத்துட்டேன். உங்க பேர் இருக்குது இதுல. அடுத்த மாசம் உங்களுக்குக் கண்காட்சி நடுவர் பரீட்சை இல்ல?"

அட்டையை வாங்க நீண்டது, சற்றுமுன் அவளுக்கு எதிராக உயர்ந்த அதே கை.