முதுகு நேராக இருக்கக் கூடாதாம்

பூப்பாறை ரிசார்ட்டின் கண்ணாடி வாசலில் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சிவசங்கரியின் முதுகில் மூங்கில் கூடை. பி.காம் படித்தவள், மூன்று மொழிகள் தண்ணீர் பட்ட பாடு. "தமிழ் பேசுற எஸ்டேட் பிள்ளைங்களத்தான் கம்பெனிக்காரங்க இப்பத் தேடுறாங்க, வித்தியாசம்தான் பலம்" என்று கல்லூரியில் ஷாஜி சார் சொன்னாராம். அதை எஸ்டேட் லயத்து வீடுகள் முழுக்க, கேட்டவளுக்கும் கேட்காதவளுக்கும் ஓதியவள் அம்மா மூக்கம்மாள். ரிசப்ஷனில் மகள் உட்காரும் அழகைப் பார்க்கக் தேயிலைக் கொழுந்து வேலைக்கு லீவு போட்டு, கல்யாணச் சேலையில் வந்து நிற்கிறாள். ரிசப்ஷன் நாற்காலியில் வேறொருத்தி இருக்கிறாள்.

"நம்ம ஸ்டாஃப்ல எல்லா கல்ச்சரும் உண்டு" என்று மலையாளி மானேஜர் கேமராவைத் தூக்குகிறார். "கெஸ்ட் வரும்போ இந்தக் கூடையோட சிரிச்சு நின்னா மதி, அது போதும்." மூக்கம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா? "இப்ப கூடைய எவ சொமக்கா சார்? கொழுந்து வெட்டக் கத்திரியும் அள்ளச் சாக்குந்தான்." "சாக்கு போட்டோவுக்கு நல்லாருக்காது, அம்மே." படம் எடுத்துப் பார்த்த மானேஜர் முகம் சுளிக்கிறார். கொழுந்து கிள்ளுகிறவளுக்கு முதுகு இத்தனை நேராக இருக்காதாம். "அம்மா எஸ்டேட்டுல தானே? எப்படிக் குனியணும்னு மோளுக்கு ஒண்ணு பறஞ்சு கொடுங்க." சிவசங்கரி தரையைப் பார்த்தபடி, "சொல்லும்மா, வேற வேல எங்கிட்டு இருக்கு?" என்கிறாள். மகள் குனியக் கூடாதென்று இருபத்திரண்டு வருஷம் குனிந்த மூக்கம்மாள், அந்த நேரான முதுகில் கை வைத்து, மெல்ல அழுத்துகிறாள்.