சொல்லிக்கொண்டு வந்தவன்

சாவியைத் திருப்பினான். டிக் என்றது.

மறுபடி திருப்பினான். மறுபடி டிக்.

கியர் நியூட்ரலில்தான் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தான். கிளட்ச்சை அடிவரை மிதித்துக்கொண்டு திருப்பினான். முன்னால் இருந்த சின்ன விளக்குகள் மங்கி, பிறகு எரிந்தன.

வண்டி கிளம்பவில்லை.

கூப்பிட்டால் வருவதற்குத் தெருவில் ஓர் ஆண் இல்லை. எல்லோரும் தண்டபாணியைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்குப் போயிருந்தார்கள். அவன் வந்து சேர்வதற்குள் பாடையை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே திரிந்தவனின் முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பந்தலில் நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. தெரு நெடுகச் சாமந்தியும் பொரியும்.

போக வேண்டாம் என்றுதான் மாமியார் சொன்னார். பச்சைக் குழந்தை இருக்கிற வீடு. அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. மருந்துக்கடைக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு வந்தான்.

வந்தவன் வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.

சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். யாருக்குத்தான் தெரியாது? ஆனால் இந்த வாசலில் ஒரு நாளும் சொல்லாமல் அவன் செருப்பு மாட்டியதில்லை. தண்டபாணியின் மனைவியைப் பார்த்துக் கைகூப்பியபோது, பாழாய்ப்போன நாக்கு தன் வேலையைக் காட்டிவிட்டது.

"போயிட்டு வர்றேன் அம்மிணி."

அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள்.

அவள் தலையை நிமிர்த்தினாள். அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தாள்.

இப்போது அந்த வாசலுக்கு நேராகவே வண்டி படுத்துக்கொண்டது.

பானெட்டைத் திறந்தான். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சுரண்டினான். ஒயரை அழுத்தித் திருகினான். 

ஹாரன் அடித்தால் பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சாவு வீட்டு வாசலில் எப்படி அடிப்பது?

சாவியைத் திருப்பினான். இந்த முறை டிக்கும் இல்லை.

இனித் தள்ளித்தான் ஆக வேண்டும்.

சாவியை ஆனில் விட்டான். கதவைத் திறந்துவைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளைக் கொடுத்தான். ஓடவிட்டு, தாவி ஏறி, கிளட்ச்சை மிதித்து, இரண்டாவது கியர் போட்டு, கிளட்ச்சை விட வேண்டும். ஓர் ஆள் செய்யக்கூடிய வேலை இல்லை. எப்போதும் இரண்டு பேர்தான் செய்வார்கள். இவன் உள்ளே, தண்டபாணி பின்னால்.

தள்ளினான். நகரவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை தள்ளினான். சக்கரம் அரை சுற்று சுற்றி, பின்னுக்கே வந்தது. நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றான். அழுகை வந்தது. செத்தவனுக்காகவா, வண்டிக்காகவா என்று அவனுக்கே தெரியவில்லை.

மூன்றாவது முறை தோளைக் கொடுத்தபோது வண்டி லேசாகிவிட்டது.

லேசாக என்றால், அவன் தள்ளவே வேண்டியிருக்கவில்லை.

கூடவே நடந்தான். பிறகு ஓடினான். பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. சாவு வீட்டிலிருந்து கிளம்பினால் திரும்பிப் பார்க்கக் கூடாது. இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

தாவி ஏறினான். கிளட்ச். இரண்டாவது கியர். விட்டான்.

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, இருமி, பிடித்துக்கொண்டது.

வலதுகால் தானாகவே பிரேக்குக்குப் போனது. வண்டி பிடித்ததும் கொஞ்சம் முன்னால் போய் நிறுத்துவான், தள்ளியவன் ஓடிவந்து ஏறிக்கொள்வான். எத்தனை வருடப் பழக்கம்.

காலை எடுத்தான். நிறுத்தவில்லை. அந்த நேரத்தில் அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

"வராத, தண்டபாணி. ஊட்ல கொழந்த இருக்குது."

கண்ணாடியைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தே சொன்னான்.

எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது. தெரு முடிந்து மெயின் ரோடு தெரிந்தது. இடது பக்கம் திரும்பினால் வீடு. குழந்தை இந்நேரம் விழித்திருக்கும். அவன் மூச்சுவிட்டான்.

சீட்டின் முதுகில், சரியாக அவன் தோளுக்குக் கீழே, இரண்டு தட்டு.

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் தண்டபாணி அப்படித்தான் தட்டுவான். போகலாம் என்று அர்த்தம்.

வண்டி எங்கேயும் நிற்கவே இல்லை.

மெயின் ரோட்டில் அவன் வலது பக்கம் திருப்பினான்.

அதுதான் பிணம் போன பாதை. சக்கரத்தின் அடியில் சாமந்தி நசுங்கியது. கண்ணில் நீர் வழிய, யாருக்கென்று இல்லாமல் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினான்.

எதிரே ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். குளித்த ஈரத்தோடு, பேசாமல். எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. ஓரமாக ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டார்கள். முன்னால் வந்தவர் கார் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

ரோடு மயானத்தோடு முடிந்தது. புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

அவன் எஞ்சினை அணைக்கவில்லை. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே, பின்கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.