ஒட்டடைக் கம்பு

“ஏம்மா, அந்த மூலையில தொங்குற ஒட்டடை என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியுதா?”

மாமனாரின் குரல் கேட்டதும் மருமகள் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடி வந்தாள். மேலே பார்த்தாள். சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எந்த மூலை மாமா?”

“எதிர்க் கேள்வியா? இடப்பக்கம், மேல. காத்துல எப்படி ஆடுது பாரு!”

அவள் ஒட்டடைக் கம்பை எடுத்து வந்து, முக்காலி மேல் ஏறி, அந்த மூலையை நாலு தட்டுத் தட்டினாள்.

“எடுத்துட்டேன் மாமா.”

பெரியவர் துணி ஆலையில் முப்பத்தாறு வருடம் தரம் பார்த்தவர். ஓடுகிற துணியில் ஓர் இழை பிசகினாலும் போதும், கையை உயர்த்தி இயந்திரத்தை நிறுத்திவிடுவார். ஆலையில் அவருக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனாலும் அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

மகன் தானே பெண் பார்த்துக் கட்டிக்கொண்டான். போகட்டும் என்று விட்டவர், வந்தவளுக்கு ஒரு மாதம் தவணை வைத்தார். மனைவி போன நாளிலிருந்து அவர் இடுப்பிலேயே கிடக்கும் சாவிக்கொத்து, அந்த மாதம் முடிந்து அவருடைய அக்கா ஊரிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமை மருமகள் கைக்குப் போகவேண்டும். அதற்கு அவள் தகுதியில்லை என்றால் இரண்டு பேரும் தனிக்குடித்தனம். இது மகனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வீட்டு முறையை அவள் வந்த அன்றே சொல்லிவிட்டார்.

“இந்த வீட்ல பெரியவங்க பேச்சுக்கு ‘இல்லை’ங்கிற பதில் கிடையாது. ‘சரி’, ‘செஞ்சுட்டேன்’, அவ்வளவுதான். என் சம்சாரம் கடைசிவரைக்கும் அப்படித்தான் இருந்தா.”

மூன்று தலைமுறையாகக் குலையாத கட்டு அது.

மறுநாள் காலையில் ஒட்டடை மறுபடியும் தொங்கியது.

“தட்டச் சொன்னா இடம் மாத்தி விட்டிருக்கியே! நேத்து மூலையில இருந்தது இன்னைக்குக் காலண்டர்கிட்ட வந்து நிக்குது.”

“இதோ மாமா.” கம்பு வந்தது. காலண்டர் ஆடியது. “எடுத்துட்டேன் மாமா.”

நாலாம் நாள் மகனைக் கூப்பிட்டார். “டேய், ட்யூப்லைட் ஓரத்துல பளிச்சு பளிச்சுன்னு வெட்டுதே, கவனிக்கிறதில்லையா? மாத்து.”

மகன் விளக்கை நிமிர்ந்து பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, “சரிப்பா” என்று ஏணி எடுக்கப் போனான்.

ஒன்பதாம் நாள், “ஜன்னல் திரையை ஏம்மா பாதிக்கு இழுத்து வச்சிருக்கே? இடப்பக்கமே இருட்டிக் கிடக்கு” என்றார்.

“தள்ளிட்டேன் மாமா.”

ஆனாலும் இருட்டு போகவில்லை. இவளுக்கு எதையும் முழுசாகச் செய்யத் தெரியாது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

பதினோராம் நாள், சனிக்கிழமை.

“நாளைக்கு அக்காகிட்ட சொல்லிடப்போறேன். ஒரு ஒட்டடையை ஒழுங்கா எடுக்கத் தெரியாத கையில இந்த வீட்டுச் சாவியைக் குடுக்க முடியாது.”

மருமகள் கண்ணில் நீர் முட்ட, கையில் கம்போடு நின்றாள்.

அவள் அழுவதைப் பார்க்கப் பிடிக்காமல் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டு வலது கண்ணை மறைத்த நேரம், இடது கண்ணுக்கு முன்னால் மருமகள் பாதிதான் இருந்தாள். மீதி இடத்தில் ஒன்றுமே இல்லை.

துண்டை எடுத்தார். மறுபடி மறைத்துப் பார்த்தார்.

“ஏம்மா,” குரல் இறங்கியிருந்தது. “ஒரு வண்டி கூப்பிடு.”

கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, விளக்கு அடித்து, வெகுநேரம் உள்ளே பார்த்த டாக்டரம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“விழித்திரை கிழிஞ்சு, கழண்டு வந்திருக்கு ஐயா. நடுப்பகுதியும் சேர்ந்து போயிடுச்சு. உடனே ஆபரேஷன் பண்ணணும். பண்ணினாலும் பழைய பார்வை திரும்பும்னு என்னால சொல்ல முடியாது.”

“இன்னைக்குக் காலையிலதானே மறைச்சுது?”

“இல்லைங்க ஐயா. முதல்ல கண்ணு முன்னால நூல் தொங்குற மாதிரி தெரிஞ்சிருக்கும். ஓரத்துல மின்னல் வெட்டியிருக்கும். அப்புறம்தான் திரை விழும். இதுல எது திடீர்னு வந்தாலும் அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட ஓடி வந்திடணும். முதல் நாளே வந்திருந்தா கிழிசலைச் சுத்தி லேசர் வச்சு அடைச்சிருக்கலாம்.”

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என் கண்ணு முன்னால எந்த நூலும் தொங்கல டாக்டர். நூல்ல குறை பார்த்தே சோறு தின்னவன் நான். தொங்கினதெல்லாம் வீட்டு ஒட்டடை. இவளைக் கேளுங்க, பதினோரு நாளா இவதான் தட்டுறா.”

டாக்டரம்மா மருமகளைப் பார்த்தார். அவள் தலை குனிந்தது.

“சொல்லும்மா,” என்றார் பெரியவர். “ஒட்டடை இருந்துச்சுதானே?”



“இல்ல மாமா.”

“என்ன?”

“ஒரு நாள்கூட இல்ல மாமா. விளக்கும் நல்லாத்தான் எரிஞ்சுது. திரையைத் துவைக்கப் போட்டிருந்தேன், ஜன்னல்ல திரையே இல்ல.”

அவர் கை இடுப்புச் சாவிக்கொத்தை இறுகப் பற்றிக்கொண்டது.

“அப்புறம் ஏம்மா... தினமும் கம்பைத் தூக்கிட்டு வந்து ‘எடுத்துட்டேன், எடுத்துட்டேன்’னு சொன்னே?”

“இந்த வீட்ல ‘இல்லை’ன்னு சொல்லக் கூடாதுன்னு,” விம்மினாள் அவள், “நீங்கதானே மாமா சொன்னீங்க!”