புறங்கை

அவள் கையை நீட்டினாள். பூசாரி கரண்டியைப் பாதியில் நிறுத்தினார்.

பொங்கலிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"என்ன தாயி, பொறந்த வீட்டுப் பொண்ணாட்டம் நீட்டுற?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"மலேசியாக்காரிக்கு மாமியா சொல்லிக் குடுக்கல போல," என்றாள் ஒருத்தி. "கட்டிக்கிட்டு வந்தவ முந்தானையில ஏந்தணும் கண்ணு. புறங்கையில வாங்குறது இந்தச் சாமிக்குச் சொந்த வம்சம் மட்டுந்தான். வேற எங்கயும் பாக்க மாட்ட."

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

இரண்டும் ஒட்டி, உள்ளங்கை மண்ணைப் பார்க்கக் கவிழ்ந்திருந்தன.

யோசித்து நீட்டியதில்லை. படையல் சோறு என்றால் அவள் கைகள் தாமாகவே கவிழ்ந்துவிடும். ஈப்போவில் அப்பா அப்படித்தான் வாங்குவார். அவளையும் அப்படித்தான் பழக்கினார். ஏன் என்று கேட்டால், நம்ம வீட்டு வழக்கம் என்பார். அக்கம்பக்கத்தில் வேறு எந்த வீட்டிலும் இல்லை. கோயிலில் பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

கப்பலேறி வந்த பாட்டனுக்கு எந்த ஊர், எந்தச் சாமி என்று அப்பாவுக்குத் தெரியாது.

கைகளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

இது அவள் கணவன் குணாளனின் குலதெய்வம். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காக வேண்டிக்கொள்ளத்தான் முசிறி தாண்டி இந்த முள்ளுக்காட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை.

அண்ணனும் தங்கையும் கட்டிக்கொள்வதில்லை.

அவள் உயிரியல் படித்தவள். நாலைந்து தலைமுறைக்கு அப்பால் ரத்தத்தில் என்ன மிஞ்சும் என்று தெரியும். ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அப்பா உயிரியல் படித்தவர் இல்லை. இங்கே நிற்பவர்களும் இல்லை. தெரிந்தால் அப்பா அவள் வீட்டுப் படியேற மாட்டார். பிறக்கப்போகும் பிள்ளையைத் தொட மாட்டார்.

தற்செயலாக இருக்கலாம். ஒரு சான்று போதாது.

தலையைத் திருப்பிக் குணாளனைத் தேடினாள்.

ஆண்களுக்கு முதலிலேயே கொடுத்து முடித்துவிட்டார்கள். வேல் நட்ட மேடைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். அவன் புறங்கையில் பருக்கைகள் ஒட்டியிருந்தன.

அவன் குடும்பத்தில் ஊரின் பெயர் அழியாமல் நின்றிருந்தது. சாமியின் பெயரும். இந்த வழக்கம் நிற்கவில்லை. கிள்ளானில் அவர்கள் தட்டில்தான் வாங்குவார்கள். அப்பாவின் கவிழ்ந்த கைகளை முதன்முதலில் பார்த்தபோது குணாளன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இன்று பூசாரி அவன் கையைத் திருப்பிவிட்டிருப்பார்.

அப்படியானால் அவன் அவளைத் தேடி ஓடி வந்திருக்க வேண்டும். உங்கப்பா மாதிரியே என்று கத்தியிருக்க வேண்டும். வழியில் மயிலைப் பார்த்ததற்கே கத்தியவன்.

அவன் கத்தவில்லை.

அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேர் தேடுகிறேன் என்று அலைந்தவன் அவன்தான். இருவருடைய வேரையும். அப்பாவை உட்காரவைத்து மணிக்கணக்கில் கேட்பான். பாசம் என்று நினைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போன சமயத்தில், தனியாக இங்கே வந்துவிட்டுத் திரும்பினான். ஒரு வேல், நாலு கல், வேற ஒன்னுமில்லம்மா என்றான். அதற்குப் பிறகு அவள் பக்கத்தைத் தேடவே இல்லை. கிடைக்காது, விடு என்றான்.

அன்று இங்கே பூசை நடந்ததா என்று அவள் கேட்டதில்லை.

கேட்க என்ன இருந்தது அதில்?

"ஐயா," என்று குணாளன் வேகமாக வந்தான். "அது ஈப்போ வழக்கம். அவங்க ஊர்ல எல்லாருமே இப்படித்தான் வாங்குவாங்க."

ஈப்போவில் அப்படி ஒரு வழக்கம் இல்லை.

அது அவனுக்குத் தெரியும்.

"கடலத் தாண்டிப் போனதுங்க, என்னென்ன மாறிச்சோ," என்றார் பூசாரி. "சரி, முந்தானைய ஏந்து தாயி. ஆறிப்போவுது."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கைகளை நிமிர்த்தினாள். முந்தானையை முன்னால் இழுத்து விரித்தாள். சோறு விழுந்தது. துணியைத் தாண்டிச் சுட்டது.

"ஆங், இப்பத்தான் மருமவ," என்றாள் அந்தப் பெண்.

பக்கத்தில் குணாளன் மூச்சை விடுவது கேட்டது.

அவள் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பேசினாள். பூசாரியிடம்தான் சொன்னாள். கண்கள் மட்டும் கணவன் முகத்தில் இருந்தன.

"அடுத்த வருசம் எங்க அப்பாவையும் கூட்டிட்டு வர்றோம், ஐயா."

"சம்பந்தி தாராளமா வரட்டும். அவரு கையாலயே பொங்க வைக்கச் சொல்வோம்."

குணாளன் சிரித்தான். சிரிப்பு வருவதற்கு முன், ஒரு கணம், அவன் முகத்தில் எதுவுமே இல்லை.

"அவருக்கு முட்டி வலி, ஐயா. இவ்ளோ தூரம் வர முடியாது."

அப்பாவுக்கு முட்டி வலி இல்லை.

பூசாரி அவள் பக்கம் திரும்பினார். "அப்படியா தாயி?"

குணாளன் அவளைப் பார்க்கவில்லை. மேடையில் நட்டிருந்த வேலின் பக்கமே பார்த்தபடி நின்றான்.

"ஆமாங்க," என்றாள். "மறந்துட்டேன்."