காதுக்கு இதமாக

மாதவிடாய் நின்ற வருடம் அம்மாவுக்குத் தூக்கம் போய்க் கோபம் வந்தது. அப்பா தனக்கும் அண்ணனுக்கும் எனக்கும் காதுக்கருவி வாங்கினார். அதை மாட்டிக்கொண்டால், அம்மா எப்படிக் கத்தினாலும் சொற்கள் மாறாமல் கொஞ்சும் குரலில் கேட்கும்.

நேற்று ரசம் ஊற்றியபடி, “எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கலை” என்றாள். தாலாட்டுப் போல இருந்தது.

“முதல்ல ரசத்துக்கு உப்புப் போடு கனகம், அப்புறம் சாகலாம்” என்றார் அப்பா. அண்ணன் சிரித்தான்.

அம்மா ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றினாள். நான் கருவியைக் கழற்றினேன்.

“இன்னொரு தடவை சொல்லும்மா.”

சொன்னாள். கரகரத்து உடைந்த அந்தக் குரல் யாருடையது என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அம்மா நிறுத்திக்கொண்டாள்.

“ஒண்ணுமில்லடி. அதைக் காதுல வச்சுக்கோ.”

வைத்துக்கொண்டேன்.